ஜெர்மன்காரரே ஊரை விட்டு ஓடுகிறாரா? ஓர் ஏரிக் கணக்கு

போன மாதம் கோவையிலிருந்து சித்தி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "அண்ணா, ஜெர்மன்காரனே நாட்டை விட்டு ஓடுறானாமே. நான் பி1 முடிச்சுட்டேன். வரட்டுமா, வேண்டாமா?"

பி1 என்பது ஜெர்மன் மொழித் தேர்வில் ஒரு படி, அடுத்தது பி2. வீடியோவைப் பார்த்தேன். வருஷத்துக்கு 2.7 லட்சம் ஜெர்மானியர்கள் சொந்த நாட்டை விட்டுப் போகிறார்கள் என்று ஒருவர் அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டிருந்தார், பின்னணியில் இடி முழக்கத்தோடு. எண் சரிதான். 2024-இல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பிய ஜெர்மன் குடிமக்கள் ஏறக்குறைய அத்தனை பேர். ஆனால் அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள், அதை எப்படி எண்ணினார்கள் என்று சொல்லாமல் விட்டால், அதை வைத்து யாரும் எந்தக் கதையும் கட்டலாம். கட்டுகிறார்கள்.

ஒன்பது வருஷமாக ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இந்தக் குழப்பம் யூடியூபில் மட்டும் இல்லை, எங்கள் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்திலும் இருக்கிறது. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போய் இப்படி ஆகிவிட்டது.

ஒரே கவுன்ட்டர், இரண்டு படிவம்

ஜெர்மனியில் குடியிருக்கிறவர் யாரானாலும், குடிமகனோ என்னைப் போன்ற வெளிநாட்டவரோ, எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஊர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும். இதன் பெயர் அன்மெல்டுங். இங்கே வந்திறங்கிய தமிழர்களில் பாதிப் பேருக்கு முதலில் மனப்பாடமான ஜெர்மன் சொல் இதுவாகத்தான் இருக்கும். நாட்டை விட்டே போவதென்றால் இன்னொரு படிவம்: அப்மெல்டுங், அதாவது பதிவு நீக்கம். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த இரண்டு வாரம் வரை அதற்கு அவகாசம். எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே கவுன்ட்டர்.

கடைசியாக வீடு மாறியபோது டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முந்தின எண் ஒரு பெண்ணுடையது, இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. பதிவை நீக்க வந்திருந்தார்.

"எந்த நாடு?"

"போர்ச்சுகல். லிஸ்பன்."

"அங்கே முகவரி?"

"இன்னும் இல்லை."

"பரவாயில்லை."

அவ்வளவுதான். ஏன் போகிறீர்கள், எத்தனை நாளைக்கு, திரும்பி வருவீர்களா, எதையும் அலுவலர் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. சான்றிதழை அச்சடித்துக் கொடுத்ததும் அந்தப் பெண் இன்னொரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வசூலிக்கிற வானொலி, டிவிக் கட்டணத்தை நிறுத்த அந்தத் தாள் வேண்டுமாம்.

வீடியோக்காரர் சொன்ன 2.7 லட்சம் இந்த மாதிரித் தாள்களை மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் கூட்டிச் சொல்கிற தொகை. கம்பெனி அனுப்பி ஷாங்காய்க்கு இரண்டு வருஷம் போகிற பொறியாளர், வியன்னாவில் படிக்கப் போகிற மாணவி, ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் வீடு வாங்கிய ஓய்வூதியக்காரர், பிரேசில்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே போனவர் எல்லாரும் அதில் தலைக்கு ஒன்று. பதினெட்டு வருஷம் முன்பு இஸ்தான்புல்லிலிருந்து வந்து ஜெர்மன் குடியுரிமை வாங்கி, இப்போது அங்கேயே திரும்புகிறவரும் ஒன்றுதான். ஜெர்மன் மொழியில் நிரந்தரமாகப் புலம்பெயர்கிறவரை ஆவ்ஸ்வாண்டரர் என்பார்கள். அந்த எண் ஆவ்ஸ்வாண்டரர்களின் எண்ணிக்கை அல்ல. கிளம்பியவர்களின் எண்ணிக்கை.

ஏரியைப் பார்ப்பதா, மதகைப் பார்ப்பதா

ஓர் ஏரியின் மதகு ஓரமாக மட்டும் நின்று பார்க்கிறவனுக்கு, தண்ணீர் இப்படிப் போனால் ஏரி நாளைக்கே வற்றிவிடும் என்றுதான் தோன்றும். கரையைச் சுற்றிப் போய் வரத்துக்காலையும் பார்த்தால்தான் கணக்கு தெரியும். குடிபெயர்வுக் கணக்கில் இதற்கு மூன்று சொற்கள் போதும். ஏரியில் நிற்கிற தண்ணீர் இருப்பு. உள்ளே வருவதும் வெளியே போவதும் பாய்வு. வந்ததிலிருந்து போனதைக் கழித்தால் கிடைப்பது நிகரம்.

இப்போது 2024-ஐப் பாருங்கள். வெளியே போன ஜெர்மானியர் சுமார் 2.7 லட்சம். அதே வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த ஜெர்மானியர் சுமார் 1.9 லட்சம். நிகரம், 81 ஆயிரம் பேர் குறைவு. ஜெர்மன் குடிமக்கள் மொத்தம் 7 கோடிக்குச் சற்று மேல், ஆக ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் குறைந்திருக்கிறார்கள். வெளிநாட்டவரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வருஷம் நாட்டுக்குள் வந்தவர்கள் போனவர்களைவிட சுமார் 4.3 லட்சம் அதிகம். ஏரி வற்றவில்லை.

சமூக ஊடகங்களில் சுற்றுகிற வரைபடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015-இல் 1.38 லட்சமாக இருந்த கோடு 2016-இல் 2.8 லட்சத்துக்குத் தாவி நிற்கும். "ஒரே வருஷத்தில் இரண்டு மடங்கு!" என்று அதன் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள். சிரியா போன்ற நாடுகளிலிருந்து அகதிகள் பெருமளவில் வந்த 2015-க்கு அடுத்த வருஷம் என்பதால் அம்புக்குறிக்கு ஒரு காரணமும் தயாராக இருக்கும். அந்தத் தாவலின் பெரும்பங்கு எண்ணும் முறை மாறியதால் வந்தது. வெளிநாட்டில் எங்கே போனார் என்று தெரியாத ஜெர்மானியர்களை முன்பு இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, 2016 முதல் சேர்த்தார்கள். நான் பார்த்த லிஸ்பன் பெண்ணாவது ஊர் பெயரைச் சொன்னார். அதுவும் சொல்லாமல் போகிறவர்கள் ஏராளம்.

"2005 முதல் ஒவ்வொரு வருஷமும் ஜெர்மானியர்கள் வருவதைவிடப் போவதுதான் அதிகம்" என்பார்கள். உண்மை. அப்படியானால் 2005-க்கு முன் யாரும் போகவில்லையா? போனார்கள். வரத்துக்காலில் வேறொரு தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் அது கண்ணில் படவில்லை. ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மன் வம்சாவளியினர் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போலந்து, ருமேனியாவிலிருந்து வந்த வம்சாவளியினரையும் சேர்த்தால் 1990-களில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் பேர். அவர்களும் கணக்கில் ஜெர்மானியர்கள். அந்த வரத்து ஓய்ந்ததும், எப்போதும் திறந்திருந்த மதகு கண்ணுக்குத் தெரிந்தது.

இதுவரை சொன்னது இதுதான்: எண் படிவங்களைக் கூட்டியது, பத்துப் பேர் போனால் ஏழு பேர் வருகிறார்கள், பயமுறுத்துகிற தாவல் ஒன்று எண்ணும் முறையில் வந்த மாற்றம். இனி, அந்தப் பத்துப் பேர் ஏன் போகிறார்கள் என்பதற்கு வருவோம்.

வாடகை வீடு மாறுவது மாதிரி

வாடகை வீடு மாறிய அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். சுவரில் ஓதம், மேல்வீட்டில் மாவு ஆட்டும் சத்தம், வீட்டுக்காரர் வருஷா வருஷம் ஏற்றும் வாடகை எல்லாம் பழைய வீட்டிலிருந்து தள்ளுகின்றன. புது வீட்டுப் பக்கத்தில் பள்ளிக்கூடம், அக்கா வீடு, காற்றோட்டம் எல்லாம் இழுக்கின்றன. இருந்தும் பல பேர் மாறுவதில்லை. அட்வான்ஸ், லாரி வாடகை, கேஸ் இணைப்பு மாற்றுவது, "இந்தத் தெருவை விட்டு வர மாட்டேன்" என்கிற மாமியார். இவை தடைகள்.

எவரெட் லீ என்ற அமெரிக்க மக்கள்தொகை ஆய்வாளர் 1966-இல் குடிபெயர்வைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: தள்ளுவிசை, இழுவிசை, இடையிலுள்ள தடைகள், அவரவர் தனிப்பட்ட நிலைமை. பேச்சில் எல்லாரும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கடைசி இரண்டும். ஓதம் பத்து வருஷமாகத்தான் இருந்தது. பையன் ஆறாம் வகுப்புக்குப் போகும்போதுதானே வீடு மாறுகிறோம்?

இவருக்கும் முன்னால், 1885-இல், "குடிபெயர்வின் விதிகள்" என்று எழுதியவர் எர்ன்ஸ்ட் கியோர்க் ராவென்ஸ்டைன். இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து எழுதினார். மனிதர் பிறந்தது 1834-இல் ஃபிராங்ஃபர்ட்டில், இளைஞனாக லண்டன் போய் பிரிட்டிஷ் அரசின் வரைபடத் துறையில் வேலை பார்த்தவர். குடிபெயர்வுக்கு விதி எழுதியவரே ஊரை விட்டுப் போன ஜெர்மன்காரர்! அவர் சொன்னவற்றில் இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெரும்பாலோர் பக்கத்துக்கே போகிறார்கள். இரண்டு, போகிற ஒவ்வொரு பெரிய நீரோட்டத்துக்கும் எதிர்நீரோட்டம் ஒன்று உண்டு.

ஒரு காலத்தில் நிஜமாகவே ஓட்டம்தான்

"ஓடுகிறார்கள்" என்ற பிம்பம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, நான் இருக்கிற பகுதியே போதும். வூர்ட்டம்பெர்க், பாடன், அதை ஒட்டிய ஃபால்ஸ் பகுதிகளின் பல கிராமங்களில், அப்பன் செத்தால் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கிற வழக்கம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், பாகப்பிரிவினைதான். நாலு தலைமுறை பிரித்தால் வரப்பு மிஞ்சும், வயல் மிஞ்சாது. இன்றைக்கும் இங்கே மலைச்சரிவுகளில் நாடா போல் நீண்டு கிடக்கிற தோட்டங்களைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார்கள். 1840-களில் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. ஊர்ப் பணத்தில் டிக்கெட் எடுத்து ஏழைகளை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய கிராமங்களும் இருந்தன. 1848 புரட்சி தோற்றதும் அரசியல்காரர்களும் போனார்கள். அவர்களில் ஒருவரான கார்ல் ஷுர்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் உள்துறைச் செயலரே ஆனார்.

1854-இல் மட்டும் 2 லட்சத்துக்கும் மேல் ஜெர்மானியர்கள் அமெரிக்காவில் இறங்கினார்கள். 1820-இலிருந்து நூறு வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேல். தெற்கு பிரேசிலில் 1850-இல் தொடங்கிய புளூமெனாவ் ஊரில் இன்றும் அக்டோபர் பீர் விழா நடக்கிறது. ஃபால்ஸ் பகுதியின் கால்ஷ்டாட் கிராமத்திலிருந்து 1885-இல், பதினாறு வயதில் நியூயார்க் போன ஃப்ரீட்ரிஷ் டிரம்ப் என்பவர், காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி வாழப் பார்த்தார். ராணுவச் சேவையைத் தவிர்க்கத்தான் போனாய் என்று சொல்லி, அன்று ஃபால்ஸை ஆண்ட பவேரிய அரசு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. பேரன் டொனால்ட் டிரம்ப் வந்தது அந்த வழியில்தான்.

அந்த அலை 1890-களில் படுத்துவிட்டது. காரணம் எளிது: தொழிற்சாலைகள் வந்தன. கப்பலேறப் போன பையனுக்கு உள்ளூரிலேயே, ரூர் நிலக்கரிச் சுரங்கத்திலோ ஸ்டுட்கார்ட் பட்டறையிலோ கூலி கிடைத்தது. தள்ளுவிசை குறைந்தது. நாடே ஆட்களை வெளியிலிருந்து கூப்பிடத் தொடங்கியது. 1933-க்குப் பிறகு யூதர்களும் நாஜி எதிர்ப்பாளர்களும் போனது வேறு கதை. உயிருக்குத் தப்பிப் போவதைப் புலம்பெயர்வு என்று இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

சுவிட்சர்லாந்து: பக்கத்து வீட்டு இழுப்பு

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியா, கனடா என்று டிவியில் காட்டுவார்கள். ஜெர்மானியர்கள் அதிகம் போகிற நாடு பல வருஷமாக சுவிட்சர்லாந்து, வருஷத்துக்கு 20 ஆயிரத்தை ஒட்டி. அடுத்தது ஆஸ்திரியா. ராவென்ஸ்டைனின் முதல் விதி. சுவிட்சர்லாந்தில் இப்போது வாழ்கிற ஜெர்மானியர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

இங்கே தடை என்பதே ஏறக்குறைய இல்லை. 2002-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அங்கே போய் வேலை பார்க்கலாம். வேலை கிடைத்தால் போதும், விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். ஜூரிக், பாசல் பக்கமெல்லாம் எழுத்து மொழி ஜெர்மன்தான். பேச்சு மொழியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். என் முன்னாள் சக ஊழியர் ஒருவர் ஜூரிக் போன புதிதில், மீட்டிங்கில் எல்லாரும் மரியாதைக்குப் பத்து நிமிஷம் பொது ஜெர்மனில் பேசிவிட்டு சுவிஸ் ஜெர்மனுக்கு வழுக்கிப் போவார்கள் என்றும், தாய்மொழியிலேயே தலையாட்டும் பொம்மையாக உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை மறைக்கவில்லை.

அவர் போனதற்குக் காரணம் சம்பளச் சீட்டு. இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும்: வரி இடைவெளி. ஒருவரை வேலைக்கு வைக்க முதலாளி செலவழிக்கும் 100 யூரோவில் தொழிலாளியின் கைக்கு வராமல் வரியாகவும் சமூகக் காப்பீடாகவும் போகிற பங்கு அது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஈசிடி வருஷா வருஷம் இதைக் கணக்கிடுகிறது. 2024 கணக்கில், குழந்தை இல்லாத, சராசரிச் சம்பளக்காரருக்கு ஜெர்மனியில் இது சுமார் 48. அந்தப் பட்டியலில் பெல்ஜியத்துக்கு அடுத்த இடம். சுவிட்சர்லாந்தில் சுமார் 23.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ முடிந்துவிடும். முடிக்கக் கூடாது. ஜெர்மனியின் 48-இல் மருத்துவக் காப்பீடு அடக்கம். சுவிஸ் 23-இல் அடக்கமில்லை, அங்கே அதைக் கைக்கு வந்த சம்பளத்திலிருந்து தனியாகக் கட்ட வேண்டும். ஜூரிக்கில் குழந்தைகள் காப்பகத்துக்கு ஒரு நாளைக்கு 100 ஃபிராங்குக்கும் மேல் ஆகும். பிரசவ விடுப்பு 14 வாரம். ஜெர்மனியிலோ பெற்றோர் இருவருக்குமாகச் சேர்த்து 14 மாதம் வரை உதவித்தொகை உண்டு. முப்பது வயதில் தனி ஆளுக்கு சுவிட்சர்லாந்து லாபம். இரண்டு கைக்குழந்தையோடு முப்பத்தைந்து வயதில் கணக்கு வேறு மாதிரி வரும். லீ சொன்ன "தனிப்பட்ட நிலைமை" இதுதான்.

மருத்துவர்கள் தனி அத்தியாயம். சுவிட்சர்லாந்தில் மருத்துவம் பார்க்கிறவர்களில் பத்துக்கு நாலு பேர் வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள். அந்த நாலில் ஏறக்குறைய இரண்டு பேர் ஜெர்மனியில் படித்தவர்கள். ஜெர்மனி விட்டுப்போன இடத்துக்கு சிரியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் மருத்துவர்கள் வருகிறார்கள். ஒரு நாற்காலி காலியானால் வரிசையே ஒரு நாற்காலி நகர்கிறது.

மதிப்பெண் துரத்தியவர்கள்

இன்னொரு கூட்டம் இருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஜெர்மன் பள்ளியிறுதித் தேர்வில் 1.0 தான் உச்ச மதிப்பெண், எண் கூடக் கூடத் தரம் குறைவு. மருத்துவம் படிக்க நேரடியாக இடம் கிடைக்க அதை ஒட்டியே நிற்க வேண்டும். இந்த இட வரம்புக்கு நுமெரூஸ் கிளாவுசுஸ் என்று லத்தீனில் பெயர். 1.7 எடுத்த கெட்டிக்காரப் பையன் என்ன செய்வான்? எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்குக்குப் போவான்.

வெளிநாட்டு மாணவர்கள் அவரவர் சொந்த நாட்டில் இடம் கிடைத்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் சேர்ப்போம் என்று ஆஸ்திரியா முன்பு நிபந்தனை வைத்திருந்தது. 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்றது. அடுத்த பருவத்திலேயே ஜெர்மன் மாணவர்கள் வந்து குவிந்தார்கள். 2006-இல் ஆஸ்திரியா மருத்துவ இடங்களில் 75 சதவீதத்தை உள்ளூர்ப் பள்ளிச் சான்றிதழ்காரர்களுக்கு ஒதுக்கியது. இந்த மாணவர்களுக்கு "நுமெரூஸ் கிளாவுசுஸ் அகதிகள்" என்று ஒரு கேலிப்பெயரும் ஒட்டிக்கொண்டது. வசதியுள்ளவர்கள் ஹங்கேரிக்குப் போகிறார்கள். புடாபெஸ்ட்டின் செம்மல்வைஸ் பல்கலைக்கழகம் 1983-இலிருந்தே ஜெர்மன் மொழியில் மருத்துவம் நடத்துகிறது, கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும். இந்த மாணவர்களும் வீடியோவின் 2.7 லட்சத்தில் இருக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் கணிசமானவர்கள் ஜெர்மன் மருத்துவமனைகளுக்கே திரும்புகிறார்கள். அப்போது வந்தவர்கள் பட்டியலில் தலைக்கு ஒன்று.

அலுப்பு என்கிற தள்ளுவிசை

இதைக் குறைத்துச் சொல்லிவிடவும் கூடாது. நவம்பரில் நாலரை மணிக்கு இருட்டுகிற வானம், எதற்கெடுத்தாலும் தபாலில் வருகிற கடிதம், ஃபேக்ஸ் நம்பர் கேட்கிற அலுவலகம், பெரிய நகரங்களில் கிடைக்காத வாடகை வீடு எல்லாம் நிஜம். வரி, அரசியல், வலதுசாரி எழுச்சி, குடியேற்றக் கொள்கை, ஒவ்வொருவருக்கும் ஒரு குறை. ஒருவர் "இங்கே வெளிநாட்டவர் அதிகமாகிவிட்டார்கள்" என்று போவார். இன்னொருவர், பெயர் துருக்கிப் பெயராக இருப்பதால் வாடகை வீடு கிடைக்காமல் அலுத்துப் போவார். இருவரும் ஒரே பட்டியலில். கொரோனாக் காலத்தில் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் சிலர் பராகுவேயில் போய் நிலம் வாங்கியது பெரிய செய்தியானது. செய்தியின் பரப்பளவுக்கும் போனவர்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் இந்தியர், பிரெஞ்சுக்காரருக்கு அடுத்தபடி அதிகம் இருப்பவர்கள் ஜெர்மானியர்கள். அவர்களிடம் வரி பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஓய்வூதியக்காரர்கள் விஷயத்தில் இன்னோர் எண் சுற்றுகிறது: ஜெர்மனியிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஓய்வூதியங்கள் 17 லட்சம். "பார், கிழவர்களும் ஓடிவிட்டார்கள்!" அதில் ஜெர்மன் குடிமக்கள் சுமார் இரண்டரை லட்சம்தான். மற்றவர்கள் இங்கே தொழிற்சாலைகளில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய இத்தாலியர், ஸ்பானியர், துருக்கியர் போன்றவர்கள்.

சுருக்கினால்: அலுப்பு எல்லாருக்கும் இருக்கிறது, ஆனால் அது மட்டும் யாரையும் விமானம் ஏற்றுவதில்லை. வேலையோ, படிப்போ, துணையோ மறுபக்கத்திலிருந்து கை நீட்ட வேண்டியிருக்கிறது.

யார் போவதில்லை?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. நாடு தாங்க முடியாமல் ஓட்டம் என்றால், கஷ்டப்படுகிறவர்கள்தானே முதலில் ஓட வேண்டும்? ஜெர்மன் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, போனவர்களையும் திரும்பியவர்களையும் தொடர்ந்து விசாரிக்கிற ஓர் ஆய்வை நடத்துகின்றன. அதன் முதல் முடிவுகள் 2019-இல் வந்தன. போனவர்களில் நாலில் மூன்று பேர் பட்டதாரிகள். சராசரி வயது முப்பத்தைந்தைச் சற்றுத் தாண்டியது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னது வேலை. முழுநேர வேலைக்காரர்களின் கையில் விழும் சம்பளம் மாதத்துக்குச் சராசரியாக 1,200 யூரோ அளவுக்குக் கூடியிருந்தது.

கிழக்கு ஜெர்மனியின் சிற்றூரில் வேலையில்லாமல் இருக்கிறவர் அந்தப் பட்டியலில் அபூர்வம். போவதற்கும் முதல் வேண்டும்: பட்டம், ஆங்கிலம், தெரிந்தவர், கையில் கொஞ்சம் காசு, தோற்றால் திரும்பி வர ஒரு வீடு. 1850-இல் நிலமில்லாதவன் போனான். இன்று நிலமுள்ளவன் போகிறான்.

படித்தவர்கள் போய்விடுவதை மூளை வெளியேற்றம் என்பார்கள். போய், கற்று, திரும்பி வந்து, மறுபடி வேறு இடம் போவதை மூளைச் சுழற்சி என்பார்கள். ஜெர்மனி விஷயத்தில் இரண்டாவது சொல் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். முழுக்க இல்லை. மருத்துவர்களில் திரும்பாதவர்களின் இடம் வலிக்கத்தான் செய்கிறது.

இரண்டு சில்லறைக் குழப்பங்கள்

"நாட்டை விட்டுப் போனால் ஜெர்மனி வெளியேற்ற வரி பிடுங்கும்" என்கிறார்கள். அப்படி ஒன்று உண்டு. பெரும்பணக்காரர் ஹெல்முட் ஹோர்ட்டன் சொத்தோடு சுவிட்சர்லாந்து போனதையொட்டி 1972-இல் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தில் குறைந்தது 1 சதவீதப் பங்கு வைத்திருப்பவருக்கும், 2025 முதல் பெரிய அளவில் முதலீட்டு நிதிகள் வைத்திருப்பவருக்கும்தான் அது. சம்பளக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இன்னொன்று, குடியுரிமை. வெளிநாட்டில் குடியிருப்பதால் ஜெர்மன் பாஸ்போர்ட் போய்விடாது. முன்பு வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் பல சமயம் இழக்க நேரிட்டது. 2024 ஜூன் முதல் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். திரும்பும் கதவு இப்போது இன்னும் அகலம்.

தம்பிக்கு இதையெல்லாம் அனுப்பினேன், கூடவே ஒரு வரி: ஜூரிக்குக்குப் போக ஜெர்மன்காரருக்கு ஒரு ரயில் டிக்கெட் போதும், உனக்கு விசா வேண்டும், ஆகவே அவர் கணக்கு வேறு, உன் கணக்கு வேறு. ஒரு மணி நேரம் நீல டிக் மட்டும் இருந்தது. பிறகு, "அப்போ பி2-வுக்குப் பணம் கட்டிடட்டுமாண்ணா?" என்று வந்தது.

அந்த ஜூரிக் நண்பரைப் பற்றி ஒன்று. 2020-இல் அவர் கிளம்பியபோது, இங்கத்திய வழக்கப்படி போகிறவரே விருந்து வைத்தார். இரண்டு செர்ரி கேக், ஒரு தட்டு உப்புப் பிரெட்சல். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப்போவதில்லை என்று கத்தியால் கேக்கைக் குத்திக் காட்டிச் சொன்னார். இந்த வசந்தத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி. இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறதாம், படமும் இருந்தது. கீழே ஒரு கேள்வி: "உங்கள் ஊர்க் குழந்தைகள் காப்பகத்தில் காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம்?"

விசாரித்துச் சொன்னேன். பதினான்கு மாதம்.

"பேரைப் போட்டு வையேன்" என்றார்.